முதுகு தேய்க்க எட்டாத கை

முதுகைப் பார்த்து ஆளின் தொழிலைச் சொல்வது எங்கள் கடையில் ஒரு விளையாட்டு. பாளையங்கோட்டையில், பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில், பத்திரம் டைப் அடித்துக் கொடுக்கிற கடை என்னுடையது. கிரயம், செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம், பாகப்பிரிவினை என்று நெல்லைச் சீமையில் எல்லா வகை ஆளும் இந்தப் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். படியேறும்போதே தெரிந்துவிடும். கழுத்து முன்னால் நீண்டு, ஒரு தோள் மட்டும் இரண்டு விரல்கடை ஏறியிருந்தால் தையல்காரர். மேல்முதுகு வளைந்து, தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தால் மேலப்பாளையமோ முக்கூடலோ, பீடி சுற்றுகிற அம்மா. இரண்டு தோளும் காதை நோக்கி ஏறி, நெஞ்சு ஒடுங்கி இருந்தால் பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்த ஐ.டி. பையன். தாத்தா பேரில் கிடக்கிற வயலுக்குப் பட்டா மாற்றக் கேட்டு வந்திருப்பான். வருமானத்தில் இவர்களுக்குள் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் கையெழுத்துப் போட்டு முடித்ததும் மூன்று பேருடைய கையும் போகிற இடம் பிடரிதான்.

என் முதுகும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். அப்பா இதே தொழிலைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாய்வு மேசையில் முத்திரைத்தாளை விரித்துக் கையால் எழுதிச் செய்தவர். ஒரு பக்கம் முடிந்தால் வெற்றிலை போடத் திண்ணைக்குப் போவார். இன்னொரு பக்கம் முடிந்தால் நான்கெல்லை சரியாகச் சொல்லாத கட்சிக்காரரோடு மல்லுக்கட்ட வாசல்வரை போவார். நான் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாடுவரை எழுந்திருப்பதில்லை. முகூர்த்த நாள் என்றால் அந்தச் சாப்பாடும் மேசையிலேயே. அப்பாவுக்கு வலது தோள் மட்டும் வலித்தது. எனக்கு இரண்டும்.

தோள் பிடிப்புக்கு இந்த ஊரில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964லிருந்து பாளையங்கோட்டையில் இருக்கிறது. தைலம், ஒற்றடம், தொக்கணம் என்கிற நீவல் என்பதெல்லாம் இங்கே யாருக்கும் விளக்க வேண்டாத சொற்கள். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றி எடுத்தால் அன்று ராத்திரி தூக்கம் நிச்சயம். எண்ணெய் போட்டு நீவிவிட்டால் இரண்டு நாள் சுகம். மூன்றாம் நாள் கடைக்குப் போய் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்தால் அதே வலி. சூடும் நீவலும் பொய்யான வைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன். அவை தசையைச் சமாதானப்படுத்தும். அந்தத் தசை ஏன் நாள் முழுக்கச் சண்டை போடுகிறது என்பது அவற்றின் சோலி இல்லை.

எங்கள் தெருவில் ரிட்டயர் ஆன பி.டி. சார் ஒருவர் மொட்டை மாடியில் காலை வேளையில் ஆசனம் சொல்லிக் கொடுக்கிறார். குரு, சீடன் என்கிற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது. விசில் இல்லாத குறைதான். முதல் நாள் என்னைப் பார்த்ததும் கேட்டார்: “என்னவே, தலை முந்தி வருது, ஆளு பிந்தி வாரீரு?” பிறகு இரண்டு கையையும் காதை ஒட்டித் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார். தூக்கினேன். “கையத் தூக்கச் சொன்னா வயித்தத் தூக்குதீரே வே” என்றார். உண்மைதான். கை மேலே போகப் போக விலா முன்னால் பிதுங்கி, குறுக்கு, அதாவது கீழ்முதுகு, வளைந்து நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் கை முழுக்கத் தூக்கிய மாதிரி இருக்கும். தோள் பாதி வேலைதான் செய்திருக்கும், மிச்சத்தைக் குறுக்கு கடனாகக் கொடுத்திருக்கும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இப்போது இருக்கிற இடத்திலேயே நன்றாகக் கூன் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒரு கையை மேலே தூக்குங்கள். ஓரிடத்தில் முட்டி நிற்கும். இறக்கிவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு மறுபடி தூக்குங்கள். கை கூடுதலாகப் போகும். தோள் அதே தோள்தான். நடுமுதுகு நிமிர்ந்ததுதான் வித்தியாசம்.

காரணம் எளிது. கையைப் பக்கத்திலிருந்து தலைக்கு மேல் கொண்டுபோவது 180 பாகைப் பயணம். அதில் சுமார் 120 பாகை தோள் மூட்டிலும், மிச்சம் 60 பாகை தோள்பட்டை எலும்பு திரும்புவதாலும் கிடைக்கிறது. இந்தத் தோள்பட்டை எலும்பு விசித்திரமான ஒன்று. உடம்பின் நடு எலும்புக்கூட்டோடு காறை எலும்பு வழியாக மட்டும்தான் அதற்குத் தொடர்பு. மற்றபடி விலாக்கூட்டின் மேல் தசைகளின் பிடியில்தான் கிடக்கிறது. விலாக்கூடு பின்னால் 12 நெஞ்சு முள்ளெலும்புகளில் மாட்டியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டும் வளைந்தே விறைத்துப் போனால் விலாக்கூடு உருண்டுவிடும். அதன் மேல் கிடக்கிற தோள்பட்டை எலும்பு முன்னால் சரிந்துவிடும். அதற்கப்புறம் தோளை மட்டும் பிடித்து இழுத்துப் பிரயோசனம் இல்லை. தோள் இறுக்கத்துக்கு ஆசனம் தேடுகிறவர்கள் நடுமுதுகில் தொடங்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது விஷயம், இறுக்கம் என்று நாம் ஒரே பேரில் சொல்வது ஒரே சங்கதி இல்லை. செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாண்டா இதை ஒரு குறுக்குக்கோட்டுப் படமாக விளக்கினார். குனிந்தே வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சுத் தசைகளும் பிடரித் தசைகளும் ஒரு கோட்டில் இறுகும். தொண்டைக்குப் பின்னால் கழுத்தைத் தாங்குகிற தசைகளும், தோள்பட்டைக்குக் கீழே நடுமுதுகில் இருக்கிற தசைகளும் மறு கோட்டில் வலுவிழக்கும். கொடிக் கயிற்றின் ஒரு முனையை யாரோ இழுத்துக் கட்டினால் மறுமுனையும் விறைத்துத்தான் நிற்கும், அந்த முனையில் முடிச்சை இன்னும் இழுத்து என்ன ஆகப் போகிறது? தோள்பட்டைகளுக்கு நடுவே வலிக்கிறது என்று அந்த இடத்தையே முன்னால் குனிந்து குனிந்து இழுக்கிறோம். அங்கே இருப்பது ஏற்கெனவே நீண்டு களைத்த தசை. விரிய வேண்டியது நெஞ்சு.

தலையின் எடை ஐந்து கிலோ போல வரும். 2014ல் ஓர் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணினி மாதிரி ஒன்று போட்டுக் கணக்குப் பார்த்தார். கழுத்து 60 பாகை குனியும்போது அதன் மேல் விழுகிற சுமை ஏறக்குறைய 27 கிலோ என்றார். ஒரு அரிசிச் சிப்பம். அது மாதிரியில் வந்த கணக்கு, ஆளைக் குனியவைத்து அளந்தது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாட்ஸப்பில் அந்தப் படத்தை அனுப்புகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

இதைப் படித்தவுடன் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். வேண்டாம். பள்ளிக்கூடத்தில் “நிமிந்து உக்காருல” என்று முதுகில் ஒன்று வைத்ததோடு நம் ஊரில் உடல் நிலை பற்றிய போதனை முடிந்துவிடுகிறது. தோளைப் பின்னால் தள்ளி நெஞ்சை முன்னால் தூக்கி எத்தனை நேரம் இருக்க முடியும்? அது இன்னொரு விறைப்பு. கூனாமல் இருக்கிறவர்களுக்கும் தோள் வலி வருகிறது. கூன் விழுந்த ஆச்சிகள் பலர் வலி என்று ஒரு சொல் சொல்லாமல் நாற்று நட்டிருக்கிறார்கள். ஒரே நிலையில் நெடுநேரம் கிடப்பதுதான் பெரிய வில்லன், அந்த நிலை அழகாக இருந்தாலும். ஆசனம் எனக்குக் கொடுத்தது நேரான முதுகு என்று சொல்ல மாட்டேன். எட்டுத் திக்கிலும் அசைகிற முதுகு வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

குறுக்குத்துறையில் ஆற்றில் குளிக்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முருகன் கோயில் பக்கம் படித்துறையில் நின்று, நனைந்த துண்டை முறுக்கி, ஒரு கையால் தோளுக்கு மேலே ஒரு முனையும், இன்னொரு கையால் முதுகுக்குக் கீழே மறுமுனையும் பிடித்து, சரக் சரக்கென்று இழுத்து முதுகு தேய்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கை மாற்றுவார்கள். மேலே போகிற கை வெளிப்பக்கம் சுழல்கிறது, கீழே இருக்கிற கை உள்பக்கம் சுழல்கிறது. தோள் மூட்டின் இரண்டு சுழற்சியும், இரண்டு பக்கமும், தினமும். அத்தனையும் கோமுகாசனத்தின் கைகள். தாமிரபரணியில் அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை.

குளியலறைக்கு வந்ததும் அது போயிற்று. செம்பில் மொண்டு ஊற்றுகிறோம், இல்லை ஷவருக்குக் கீழே நிற்கிறோம். முதுகு தேய்க்க நீளக் காம்பு வைத்த பிரஷ் ஆன்லைனில் விற்கிறது. கிணற்றில் வாளி இறைப்பது, உயரக் கொடியில் துணி காயப்போடுவது, உலக்கை பிடிப்பது எல்லாம் ஒவ்வொன்றாகப் போய், கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டிய வேலையே நாளில் இல்லாமல் ஆகிவிட்டது. உடனே ‘அந்தக் காலத்தில் யாருக்கும் வலி இல்லை’ என்று ஒரு கோஷ்டி கிளம்பும். எங்கள் ஆச்சி உலக்கை பிடித்தே குறுக்கு ஒடிந்தவள். அந்த வேலைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அந்த அசைவுகள் வேறு வழியில் திரும்ப வர வேண்டும். மொட்டை மாடியில் பி.டி. சார் சொல்லிக் கொடுப்பது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கோமுகாசனம் பழையது. திருமூலர் எண்ணிச் சொல்கிற ஏழு ஆசனங்களில் கோமுகமும் ஒன்று. ஹடயோகப் பிரதீபிகை என்கிற பழைய யோக நூலில் அது வருகிற செய்யுள் கணுக்கால்களை எங்கே வைப்பது என்று மட்டும்தான் சொல்கிறது, கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதுகுக்குப் பின்னால் கைகோர்ப்பது மரபில் சேர்ந்துகொண்டது. எனவே முழங்கால் மடங்காதவர்கள் குற்ற உணர்ச்சி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் செய்யலாம். நான் கடையில் அப்படித்தான் செய்கிறேன்.

செய்கிற விதம்: ஈரிழைத் துண்டு ஒன்று. வலது கையில் ஒரு முனையைப் பிடித்துக் கையை மேலே தூக்கி முழங்கையை மடக்குங்கள், துண்டு முதுகில் தொங்கும். இடது கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய்த் துண்டை எட்டுகிற இடத்தில் பிடியுங்கள். விரல்கள் கோர்க்க வேண்டும் என்கிற ஆசையை விடுங்கள். கீழ்க்கை மெல்லத் துண்டைக் கீழே இழுக்கட்டும், அப்போது மேல்கையின் முழங்கை கூரையைப் பார்க்கும், அக்குளும் பின்கையும் விரியும். பிறகு மேல்கை துண்டை மேலே இழுக்கட்டும், அப்போது கீழ்த்தோளின் முன்பக்கம் விரியும். இங்கே இரண்டு திருட்டுத்தனம் நடக்கும். மேல்கை தலையை முன்னால் தள்ளும். விலா பிதுங்கும். தலையின் பின்புறத்தால் அந்தக் கையை லேசாக எதிர்த்துத் தள்ளுங்கள், மூச்சை நீளமாக விட்டு விலாவை இறக்குங்கள். ஐந்தாறு மூச்சு போதும். பிறகு கை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு எட்டாது. வலக்கைக்காரர்களில் பெரும்பாலோருக்கு வலது கை கீழே இருக்கும்போது எட்டாது. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

துண்டுக்கு அடுத்து பாய். ஆசனத்துக்கும் நெல்லைக்கும் உள்ள உறவைப் பேசினால் பத்தமடையைத் தாண்டிப் போக முடியாது. சுவாமி சிவானந்தர் 1887ல் பிறந்த ஊர். மலாயாவில் டாக்டராக இருந்துவிட்டு, 1924ல் ரிஷிகேசம் போய்த் துறவியாகி, 1936ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கியவர். அவருடைய சீடர்கள் வழியாகத்தான் ஆசனம் உலகத்தின் எத்தனையோ மூலைக்குப் போனது. அதே பத்தமடையில்தான் தாமிரபரணிக் கரைக் கோரையைக் கிழித்து, பட்டுப்போல வழவழக்கிற பாய் நெய்கிறார்கள். தறியில் குனிந்து கிடந்து அந்தப் பாயை நெய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய தோளைப் பற்றி எந்தப் பாய்க்கடையிலும் பேச்சு வராது.

நடைமுறைக்கு வருகிறேன். மெல்லிய பத்தமடைப் பாய் டைல்ஸ் தரையில் வழுக்கும். அதன் மேல் நின்று குனிந்து கையூன்றுகிற ஆசனங்களைச் செய்ய வேண்டாம், அதற்கு ரப்பர் விரிப்புத்தான் சரி. படுத்துச் செய்வதற்குக் கோரைப் பாயை மிஞ்ச எதுவும் இல்லை, வியர்வை ஒட்டாது. எனக்கு அதைவிடப் பெரிய உபயோகம், பழைய பாயைச் சுருட்டி அதன் மேல் துணி சுற்றிய ஒரு உருளை. பாய் இல்லாவிட்டால் கம்பளிப் போர்வையைச் சுருட்டிக்கொள்ளலாம். முன்கை கனத்துக்கு மேல் வேண்டாம். அதைக் குறுக்கே போட்டு, தோள்பட்டை எலும்புகளின் கீழ்நுனி அதன் மேல் வருகிற மாதிரி மல்லாந்து படுங்கள். முழங்கால் மடங்கியிருக்கட்டும், பாதம் தரையில் இருக்கட்டும். தலை தொங்கக் கூடாது, சின்னத் தலையணை வையுங்கள். கைகளை இரண்டு பக்கமும் விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க விட்டுவிடுங்கள். மத்ஸ்யாசனத்தின் சோம்பேறித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிஷம் முதுகு கல்லில் கிடக்கிற உணர்வு வரும், இரண்டு மூன்று நிமிஷத்தில் நெஞ்சு இளகும். உருளை இடுப்புப் பக்கம் நழுவினால் குறுக்குத்தான் வளையும், பலன் இல்லை. கடை மூடி வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இதைச் செய்வது எனக்கு ஒத்துவந்திருக்கிறது. ஒரே ஒரு ஆசனம் சொல்லு என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

விரித்தது போதாது, விரிந்ததைத் தாங்கப் பலம் வேண்டும். இந்தப் பாதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் இதில் ‘அப்பாடா’ கிடையாது. புஜங்காசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேர் கையை ஊன்றித் தள்ளி, கழுத்தைப் பின்னால் ஒடித்து, பாம்பு படமெடுத்தாச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பி.டி. சார் ஒரு சோதனை வைப்பார். “இப்ப உள்ளங்கையத் தரையிலேருந்து ஒரு இஞ்சு தூக்கும்.” தூக்கினால் நெஞ்சு பொத்தென்று கீழே விழும். எவ்வளவு உயரத்தில் விழாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் முதுகின் சொந்த உயரம். என்னுடையது ஒரு சாண்கூட இல்லை. அந்த உயரத்தில் நாலைந்து மூச்சு நின்று இறங்குங்கள். பார்வை தரையில், பிடரி நீளமாக இருக்கட்டும். அடுத்து, குப்புறப் படுத்தபடியே நெற்றியைத் தரையில் வைத்து, கைகளை உடம்பை ஒட்டிப் பின்னால் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, கைகளையும் நெஞ்சையும் மட்டும் கொஞ்சம் தூக்குவது. சலபாசனத்தின் மேல்பாதி. தோள்பட்டைகளுக்குக் கீழே, சட்டை எப்போதும் நனைகிற அந்த இடத்தில் எரிச்சல் வந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பிடரியில் வந்தால் உயரத்தைக் குறையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். மர்ஜரி ஆசனம், பூனை முதுகு, காலையில் எழுந்ததும் முதுகை எழுப்ப நல்லது. அதில் குறுக்கை மட்டும் ஆட்டாமல் தோள்பட்டைகளுக்கு நடுவே அசைவு வருகிறதா என்று பாருங்கள். கருடாசனக் கைகள், அதாவது முகத்துக்கு முன்னால் இரண்டு கையையும் பின்னிக்கொள்வது, மேசையிலேயே செய்யலாம், பிடித்தால் செய்யுங்கள். அதோமுக சுவானாசனம், நாய் சோம்பல் முறிக்கிற மாதிரி கையூன்றிக் குனிவது, விறைத்த தோளோடு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே மணிக்கட்டு வலியைத்தான் கொடுக்கும். அதற்குப் பதிலாக மேசை விளிம்பிலோ சுவரிலோ கை வைத்துப் பின்னால் நடந்து, இடுப்பை மடக்கி, முதுகும் கையும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி நில்லுங்கள். வேட்டி கட்டியிருந்தாலும் செய்யலாம். பத்திரப் பதிவு கம்ப்யூட்டர் சர்வர் படுத்துக் கிடக்கிற நேரத்தில் எங்கள் கடையில் ஒரே நேரத்தில் மூன்று பேர் இந்த நிலையில் நிற்பதைக் கட்சிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஆசன வகுப்புகளில் அடிக்கடி கேட்கிற ஒரு கட்டளையோடு எனக்குத் தகராறு உண்டு. கை தலைக்கு மேலே இருக்கும்போது “தோளைக் கீழே இறக்குங்க” என்பது. முன்னால் சொன்ன 60 பாகையை நினைத்துக்கொள்ளுங்கள். கை மேலே போகும்போது தோள்பட்டை எலும்பு மேல்நோக்கித் திரும்பியாக வேண்டும். அதைக் கீழே இழுத்துப் பிடித்தால் மூட்டுக்கு மேலே இருக்கிற இடம் நெருக்கப்படும், சிலருக்குச் சுருக்கென்று குத்தும். கை மேலே போனால் தோளும் கூடவே போகட்டும். கை இறங்கியிருக்கும்போது தோள் காதுக்குப் பக்கத்தில் என்ன செய்கிறது என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

அங்கே அது பெரும்பாலும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். கழுத்தின் பக்கத் தசைகள் மேல் இரண்டு விலா எலும்புகளில் வந்து பிடிக்கின்றன. பதற்றத்தில் மேல்மூச்சு வாங்கும்போது இவைதான் விலாவைத் தூக்குகின்றன. பதிவு நேரம் முடியப்போகிறது, ஆதார் ஓடிபி வரவில்லை, வாங்குகிறவர் விற்கிறவரை முறைக்கிறார் என்கிற வேளையில் என் தோள் எங்கே இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். மகராசனத்தில் குப்புறக் கிடந்து, வயிறு தரையை அழுத்துகிற மாதிரி மூச்சை இழுத்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து விட்டால் அந்தத் தசைகள் வேலையை விடும். எந்த இழுப்பாலும் இறங்காத தோள் சிலருக்கு இதில் இறங்கிவிடும்.

சில விஷயங்களுக்கு ஆசனத்தை நம்பிக் கிடக்கக் கூடாது. கை விரல் மரத்துப்போவது, பிடித்த டம்ளர் நழுவுவது, ராத்திரி தூக்கத்தை எழுப்புகிற வலி இருந்தால் டாக்டரைப் பாருங்கள். இடது தோளோ கையோ நெஞ்சுப் பாரத்தோடும் வியர்வையோடும் வலித்தால் துண்டைத் தேடாதீர்கள், ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், தோள் மூட்டே உறைந்துபோகிற நோய் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. பெண்களுக்கு முதலில் தெரிவது பின்னல் போடக் கை போகாதது. யார் பிடித்துத் தூக்கினாலும் அந்தக் கை போகாது. வலி உச்சத்தில் இருக்கும்போது அதை வம்பாக இழுத்தால் வலி இன்னும் கூடும். எக்ஸ்ரேயில் ‘கழுத்து எலும்பு தேய்மானம்’ என்று வந்தால் உடனே இடிந்துபோகவும் வேண்டாம், வலியே இல்லாத நாற்பது ஐம்பது வயதுக்காரர்களிடமும் அது சாதாரணமாகத் தெரியும். ஆனால் அப்படி இருக்கிறவர்கள் சிரசாசனமும் சர்வாங்காசனமும் யூடியூப் பார்த்துச் செய்வதை என்னால் சகிக்க முடியாது. கழுத்துக்கு ஐந்து கிலோவே பாரம் என்கிறபோது ஆளையே அதன் மேல் ஏற்றுவானேன்?

இத்தனையும் நேரமுள்ளவர்களுக்கு. முக்கூடலில் இருக்கிற என் அத்தைக்கு நேரம் கிடையாது. காலை நீட்டி, சுளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்து, நனைத்த இலையை அளவுத் தகட்டுக்கு வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டி, முனை மடக்கி, மறுபடி அடுத்த இலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு அங்கே சம்பளம், அசைந்தால் நஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது பாயைச் சுருட்டிப் படுக்கச் சொன்னேன். “நீ நல்லா இரு மருமவனே. நான் படுத்தா எலை காயும்” என்றாள்.

அதனால் ஆசனத்தை அவள் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஒரு கட்டு கட்டி முடிக்கும்போதெல்லாம் விரல்களைக் கோர்த்து, உள்ளங்கையைத் திருப்பி, தலைக்கு மேலே தள்ளி இரண்டு மூச்சு. பர்வதாசனத்தின் கை. அவள் அதற்கு ‘சோம்பல் முறிக்கது’ என்று பேர் வைத்திருக்கிறாள். குளிக்கும்போது துண்டால் முதுகு தேய்ப்பது, அதை வீட்டுக் குளியலறையிலும் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பிறகு சுவரில் முதுகு சாய்கிற இடத்தில் தலையணை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் சுளவின் உயரம்தான். சுளவு தொடைக்கு மேல் ஒரு சாண் உயர்ந்தால் கழுத்து அத்தனை குனிய வேண்டாம். மடியில் ஒரு பலகையை வைத்து அதன் மேல் சுளவை வைத்துக் காட்டினேன்.

“ஒசந்து நின்னா காத்துக்குத் தூள் பறக்கும்ல” என்றாள். ஃபேனைத் தள்ளி வைத்தோம். தள்ளி வைத்தால் வேர்க்கிறது. கடைசியில் பலகையை எடுத்துவிட்டு, தொடைக்கு மேலே மடித்த சாக்கு இரண்டு என்று உடன்பாடு ஆயிற்று. பாதிச் சாண் உயரம். அது போதுமா என்று கேட்டேன்.

“தோளு கொஞ்சம் லேசாத்தான் இருக்கு” என்றாள் அத்தை, அடுத்த இலையை எடுத்துக்கொண்டே. “அது கிடக்கட்டும். முட்டுக்கு என்னமும் வச்சிருக்கானா ஒங்க பி.டி. வாத்தியாரு?”